1,667-க்கு அரியர் விழும்போது: ஒரு மாத நாவல் சவாலின் தினக்கணக்கு

30 நாளில் 50,000 சொல். வகுத்தால் ஒரு நாளைக்கு 1,666.67, முழு எண்ணாக 1,667. நானோரைமோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசிய நாவல் எழுதும் மாதத்தில் பங்கெடுத்தவர்கள் யாருக்கும் இந்த எண் மறக்காது. நவம்பர் முழுக்க காலையில் எழுந்ததும் கண்முன் நிற்பது அதுதான்.

சரளமாக டைப் அடிப்பவருக்கு 1,667 சொல் என்பது ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. மலைக்க வைக்கும் அளவல்ல. இருந்தும் பெயர் கொடுத்தவர்களில் முடித்தவர்கள் பொதுவாக ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஏன்? எழுதும் வேகம் போதாமல் விழுந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது என் கணிப்பு. மீதிப் பேரைக் கவிழ்த்தது, ஒரு மாதச் சராசரியைத் தினக்கடமையாகப் படித்துக்கொண்டதும், விழுந்த அரியரை ஒரே நாளில் கட்டிவிடப் பார்த்ததும். அது எப்படி நடக்கிறது என்று எண்களை வைத்தே பார்க்கலாம்.

பின்னணி

1999 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களையும் தெரிந்தவர்களையும் சேர்த்து, மொத்தம் 21 பேராக இதைத் தொடங்கினார். இலக்கியப் பிரகடனம் எதுவும் கிடையாது, விளையாட்டு மாதிரிதான். 50,000 என்ற எண்ணும் ஆராய்ந்து வைத்ததல்ல. தன் அலமாரியில் இருந்த நாவல்களிலேயே மெல்லியதை எடுத்து, உத்தேசமாக எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்ட அளவு. அந்த முதல் முறையில் 6 பேர் முடித்தார்கள்.

மறு ஆண்டு நவம்பருக்கு மாற்றினார்கள். வெளியே குளிரும் மழையுமாக இருந்தால் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுவார்கள் என்பது கணக்கு. 2000-இல் 140 பேர் சேர்ந்து 29 பேர் முடித்தார்கள். 2001-இல் சேர்ந்தவர்கள் சுமார் 5,000. பத்து ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏரின் மார்கன்ஸ்டர்னின் 'தி நைட் சர்க்கஸ்' போல, இந்த நவம்பர்களில் முளைத்துப் பிறகு ஆண்டுக்கணக்கில் திருத்தப்பட்டுப் புகழ்பெற்ற நாவல்களும் உண்டு. ஆனால் இங்கே பேச்சு நல்ல நாவல் பற்றியதல்ல. மாதக் கடைசி வரை தாக்குப்பிடிப்பது பற்றி மட்டும்.

திரையில் இருந்த இரண்டு எண்கள்

நானோரைமோ தளத்தில் தினமும் எழுதிய அளவைப் பதிந்தால் ஒரு வரைபடம் வரும். இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு நேராக ஏறும் ஒரு கோடு: தினம் 1,667 எழுதுபவரின் பாதை. அதன் பக்கத்தில் நம்முடைய பட்டைகள். பட்டை கோட்டைத் தொட்டால் நிம்மதி, தொடாவிட்டால் கோட்டுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு வெற்றிடம். பெரும்பாலானவர்கள் பார்த்தது இந்த வெற்றிடத்தைத்தான்.

அதே பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. நேரத்துக்கு முடிக்க, இனி ஒரு நாளைக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்பது. மிச்சமிருக்கும் சொற்களை மிச்சமிருக்கும் நாட்களால் வகுத்து வருவது. கோடு நேற்றைய குறையைச் சொல்கிறது. இந்த எண் நாளைய வேலையைச் சொல்கிறது. என்னைக் கேட்டால் அந்தத் தளத்தில் உருப்படியானது இந்த ஒன்றுதான். அதைப் பெரிதாகப் போட்டு வரைபடத்தை மூலைக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

ஒருவர் முதல் மூன்று நாள் ஒழுங்காக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5,001 சொல். 4, 5, 6 தேதிகளில் காய்ச்சல், ஒரு சொல்கூட எழுதவில்லை. 7-ஆம் தேதி காலை உட்காருகிறார். வரைபடத்தைப் பார்த்தால் மூன்று நாள் பாக்கி 5,001, இன்றைய பங்கு 1,667, ஆக 6,668. மலைப்பாக இருக்கிறது. அன்று 2,300 எழுதுகிறார். உண்மையில் நல்ல நாள்தான். ஆனால் வரைபடத்தில் இன்னும் 4,300-க்கு மேல் பள்ளம். 8-ஆம் தேதி சோர்வில் 900. 9-ஆம் தேதி ஃபைலையே திறக்கவில்லை. கதை முடிந்தது.

இப்போது இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 7-ஆம் தேதி காலையில் மிச்சம் 44,999 சொல், மிச்சம் 24 நாள். வகுத்தால் 1,875. அதாவது மூன்று நாள் முழுசாக விட்டதற்கு இனி தினமும் கூடுதலாக எழுத வேண்டியது 208 சொல். ஒரு பத்தி, மிஞ்சினால் ஒன்றரைப் பத்தி. அன்று அவர் எழுதிய 2,300 இந்தக் கணக்கில் தேவைக்கு மேல் 425 அதிகம். அதே ஆள், அதே காய்ச்சல், அதே உழைப்பு. ஆனால் ஒரு திரையில் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார், இன்னொன்றில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்.

கல்லூரியில் அரியர் வைத்தவர்களுக்கு இது புரியும். நாலு பேப்பரையும் ஒரே செமஸ்டரில் கிளியர் பண்ணுகிறேன் என்று கிளம்பியவன் பெரும்பாலும் அந்த செமஸ்டர் பேப்பரையும் சேர்த்துத்தான் விடுவான்.

எந்தத் தேதியில் விடுகிறோம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. மேலே சொன்ன மூன்று நாள் காய்ச்சல் 24, 25, 26 தேதிகளில் வந்தால்? 23 வரை ஒழுங்காக எழுதி 38,341 வைத்திருப்பார். 27-ஆம் தேதி காலை மிச்சம் 11,659, நாள் நான்கு. தினம் 2,915. முன்பு 208 கூடிய இடத்தில் இப்போது 1,248 கூடுகிறது. மாதத் தொடக்கத்தில் விட்ட நாள் மலிவு, கடைசியில் விட்ட நாள் விலை அதிகம்.

அமெரிக்கர்களுக்கு இது சரியாக உறைத்த இடம் தேங்க்ஸ்கிவிங். நவம்பர் நான்காவது வியாழக்கிழமை, அதாவது 22-க்கும் 28-க்கும் நடுவே. ஊருக்குப் பயணம், உறவினர் கூட்டம், சமையல் என்று கடைசி வாரத்தின் நட்டநடுவில் மூன்று நாலு நாள் போய்விடும். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. தீபாவளி நவம்பரில் வந்தாலும் முதல் பாதியில்தான் வரும்: 2021-இல் 4-ஆம் தேதி, 2023-இல் 12-ஆம் தேதி. பலகாரம், துணிமணி, மாமனார் வீடு என்று நாலு நாள் போனாலும் பின்னால் பரப்பிக்கொள்ள நாள் இருக்கிறது. கடைசி வாரத்தில் நம்மைக் காலி செய்யக்கூடியது கார்த்திகை முகூர்த்தங்கள். அவை எப்படியும் பத்திரிகை வைத்துத்தான் வருகின்றன. தேதி முன்கூட்டியே தெரியும். (மழை விடுமுறை விட்டால் எழுத நேரம் கிடைக்குமே என்று சொல்பவர்கள், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இல்லாதவர்கள்.)

அதனால்தான் பழகியவர்கள் முதல் வாரத்தில் 1,667-உடன் நிறுத்த மாட்டார்கள். தினம் 2,000 எழுதினால் 25 நாளில் முடிந்துவிடும், ஐந்து நாள் கையிருப்பு. முதல் வாரம் கதை புதிது, மனிதர்கள் புதிது, பேனா தானாக ஓடும். அப்போது சேர்ப்பதுதான் சுலபமான சேமிப்பு.

இரண்டாவது வாரம்

நானோரைமோக்காரர்களிடம் இரண்டாம் வாரம் என்றாலே ஒரு பெருமூச்சு வரும். கிறிஸ் பேட்டியே அதைத் தனியாக எச்சரித்து எழுதியிருக்கிறார். முதல் வாரத்தில் ஊரை அறிமுகப்படுத்தியாயிற்று, நாயகிக்கு ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு சண்டைக்கார அண்ணி எல்லாம் கொடுத்தாயிற்று. இனி ஏதாவது நடக்க வேண்டும். என்ன நடக்கும் என்பது எழுதுபவருக்கே தெரியாது.

இந்த வாரத்துக்கென்றே அவர்களிடம் ஒரு வேடிக்கைப் பையே இருந்தது. கதை நகராவிட்டால் மண்வெட்டியால் ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிடு என்பது பல ஆண்டுகளாக ஓடிய உட்கூட்ட நகைச்சுவை. ஒருவர் நாவலிலிருந்து இன்னொருவர் நாவலுக்கு அதே மண்வெட்டி போகும். கனவுக் காட்சி போடு, பாத்திரத்துக்கு மூன்று பகுதியுள்ள நீளப் பெயர் வை, சுருக்கி எழுதாமல் விரித்து எழுது என்றெல்லாம் எண்ணிக்கையை ஊதவைக்கும் உபாயங்கள். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இவற்றில் இரண்டு வகை இருக்கிறது. மண்வெட்டி கதையில் ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவருகிறது. கொலை நடந்தால் அடுத்த அத்தியாயத்துக்கு விசாரணை வந்தே தீரும், நாளைக்கு எழுத ஏதோ இருக்கும். நீளப் பெயர் அப்படியல்ல. இன்றைக்கு நாற்பது சொல் கூடும், நாளைக்கு ஒன்றும் தராது. தினக்கணக்கு பிடிப்பவருக்கு முதல் வகை உதவும், இரண்டாவது வகை மெல்லக் கொல்லும்.

கூடி எழுதுவதும் இந்த வாரத்தில்தான் கைகொடுத்தது. ஊர்தோறும் தன்னார்வலர்கள் காபிக் கடையிலோ நூலகத்திலோ ஆட்களைக் கூட்டுவார்கள். 15 நிமிடம் டைமர் வைத்து எல்லோரும் தலை குனிந்து தட்டச்சுவார்கள், மணி அடித்ததும் யார் எவ்வளவு என்று சொல்வார்கள். 'வேர்ட் ஸ்பிரிண்ட்' என்று பெயர். 15 நிமிடத்தில் 400 வந்தால் நாலு சுற்றில் நாள் கணக்கு அநேகமாக முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தை நாலாக உடைத்ததால் இடையில் ஃபோனை எடுக்க முடியாது. அவ்வளவுதான் ரகசியம்.

நாளா, வாரமா

ஆந்தனி டிராலப்பின் கணக்கு இந்த இடத்தில் பொருத்தமானது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், பிழைப்புக்குத் தபால் துறை உத்தியோகம். காலை 5:30-க்கு மேசைக்கு வந்துவிடுவார். எழுப்பிவிட்டுக் காபி கொண்டுவரும் பழைய குதிரைக்காரருக்கு அதற்காகவே வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். முடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார். இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்.

கால் மணிக்கு 250 என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் என்று குறித்து வைப்பார், ஆனால் இலக்கு வாரத்துக்கு. சராசரி வாரம் 40 பக்கம், பக்கத்துக்கு 250 சொல், ஆக 10,000. மோசமான வாரத்தில் 20 பக்கம்கூட வைத்திருக்கிறார். ஒருமுறை 112 பக்கம் வரை போயிருக்கிறார். 5,000 முதல் 28,000 வரை. இவ்வளவு கறாரான மனிதரே இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறார். நானோரைமோவின் வாரக் கணக்கு 11,669, டிராலப்பின் சராசரியை ஒட்டித்தான் வருகிறது. வித்தியாசம், அவர் செவ்வாய்க்கிழமை விட்டதை வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டார், நானோரைமோக்காரர் செவ்வாய் இரவே கோட்டுக்குக் கீழே போய்விட்டார்.

வாரம் என்ற அளவு நமக்குப் புதிதல்ல. தமிழ் நாவலில் பெரும்பகுதி வாரப் பத்திரிகைத் தொடர்கதையாக வளர்ந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்ததுதான். தினசரி என்றால் அண்மை உதாரணம் ஜெயமோகனின் 'வெண்முரசு': 2014 ஜனவரி 1-இல் தொடங்கி 2020 ஜூலை வரை 26 நாவல்கள், நாவல் ஓடும் காலத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயம். ஆனால் அங்கே அளவுகோல் சொல் எண்ணிக்கை அல்ல, அத்தியாயம். விடிந்தால் அதைத் திறக்கக் காத்திருக்கும் வாசகர்கள் வேறு. நவம்பரில் தனியாக உட்கார்ந்து எழுதுபவருக்கு அந்த இரண்டும் இல்லை. அவரைப் போய் அதோடு ஒப்பிட்டுப் பயமுறுத்த வேண்டாம்.

வேலைக்குப் போகிறவருக்கு வாரக் கணக்கு இப்படி அமையலாம்: திங்கள் முதல் வெள்ளி வரை 1,000, சனியும் ஞாயிறும் 3,300. மொத்தம் 11,600. காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஞாயிற்றுக்கிழமை 3,300 என்பது சீமந்தம், காதுகுத்து என்று ஏதாவது ஒன்றில் சிக்கும். வார நாளில் 1,300 வைத்துக்கொண்டு வாரக்கடைசியில் 2,600 வைப்பது பாதுகாப்பு. இன்னொன்று, வார நாளுக்கு ஒரு கீழ்வரம்பும் வேண்டும். 200 சொல்லாவது எழுதிவிட்டுத்தான் படுப்பது. 200-ஆல் கணக்கு பெரிதாக நகராது, ஆனால் நாலு நாள் தொடாமல் விட்ட கதையைத் திறந்தால் அண்ணியின் பெயரே மறந்திருக்கும். அதைத் தேடிப் பின்னால் போனால் அங்கே திருத்த உட்கார்ந்துவிடுவோம், அன்றைய பொழுது போச்சு.

தமிழில் 50,000

நிறைய பேர் யோசிக்காமல் விட்டுவிடுவது இதை. 'மழையில் நனைந்துகொண்டே போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்தேன்.' நாலு சொல். இதையே ஆங்கிலத்தில் சொல்லப் பத்துக்கு மேல் வேண்டும், ஏனென்றால் நாம் விகுதியில் ஒட்டுவதையெல்லாம் அங்கே தனிச்சொல்லாக எழுத வேண்டும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட 1,667-ஐ அப்படியே தமிழுக்கு எடுத்தால், நாம் சொல்ல வேண்டிய கதையின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்குப் போய்விடும். அச்சில் பக்கத்துக்கு உத்தேசமாக 200 சொல் என்று வைத்தாலே 50,000 என்பது 250 பக்க நாவல். அதை ஒரு மாதத்தில் கேட்பது அநியாயம்.

மென்பொருள் எண்ணுவது சொல்லை அல்ல, இடைவெளியை. மேலே உள்ள வாக்கியத்தையே 'மழையில் நனைந்து கொண்டே போய்க் கொண்டிருந்தவனைப் பார்த்தேன்' என்று பிரித்து எழுதினால் ஆறு. இடைவெளி விசையை இரண்டு முறை கூடுதலாகத் தட்டினால் பாதிக்குப் பாதி லாபம். 25-ஆம் தேதிக்கு மேல் சிலர் எழுத்தில் இடைவெளிகள் திடீரென்று பெருகுவது இதனால்தான். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று 1-ஆம் தேதியே முடிவு செய்துவிட்டு மாதம் முழுக்க அதில் நிற்பது நல்லது. இல்லாவிட்டால் எண் ஏறும், கதை ஏறாது.

என் பரிந்துரை தமிழுக்கு 30,000, நாளுக்கு 1,000. இலக்கைக் குறைப்பது ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். நானோரைமோவிலேயே மாணவர்களுக்கான பிரிவிலும், ஏப்ரல், ஜூலை மாதங்களில் நடந்த முகாம்களிலும் அவரவர் இலக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் விதி.

எண்ணிக்கை எதற்கு

தொடக்க காலத்தில் மாதக் கடைசியில் முழு நாவலையும் தளத்தில் ஒட்ட வேண்டும், இயந்திரம் எண்ணிச் சொல்லும். யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்தவர்கள் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒட்டினார்கள். எண்ணிக்கை மாறாது அல்லவா. பிந்தைய ஆண்டுகளில் நாமே எண்ணைப் பதிந்தால் போதும் என்றானது. பரிசும் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சான்றிதழ், சில தள்ளுபடிகள். ஏமாற்றினால் நஷ்டம் யாருக்கு என்ற தைரியத்தில்தான் மொத்த ஏற்பாடும் ஓடியது.

2024 செப்டம்பரில் அந்த அமைப்பு செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவை ஒட்டுமொத்தமாக எதிர்ப்பதில் வர்க்கப் பாகுபாடும் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடும் இருக்கிறது என்றது. எழுத்தாளர்கள் கொதித்தார்கள், எழுத்தாளர் குழுவில் இருந்த சிலர் விலகினார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே தளத்தின் கலந்துரையாடல் மன்ற நிர்வாகம் பற்றிய புகார்கள் வேறு இருந்தன. 2025 மார்ச் 31 அன்று, பணநெருக்கடியைக் காரணம் காட்டி மூடுவதாக அறிவித்தார்கள். கேட்டால் ஒரு நிமிடத்தில் இயந்திரம் 1,667 சொல் கொட்டும் காலத்தில் எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கைக்கு முன்பும் மதிப்பு கிடையாது. இன்றைக்கு நான் உட்கார்ந்தேனா என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். பொய்ச் சாட்சி சொல்ல முன்பும் முடிந்தது.

தளம் போனதால் கணக்கு போய்விடவில்லை. எக்செல்லில் மூன்று நெடுவரிசை போதும்: தேதி, இதுவரை எழுதியது, மிச்சத்தை மிச்ச நாளால் வகுத்தது. வரைபடம் வேண்டாம்.

2026 நவம்பர் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. தீபாவளி 8-ஆம் தேதி, அதுவும் ஞாயிறு. 30,000 இலக்கு என்றால் 1 முதல் 6 வரை தினம் 1,200 எழுதி 7,200 சேர்த்துவிடலாம். 7, 8, 9 மூன்று நாளுக்கும் இப்போதே பூஜ்யம் போட்டுவிடுங்கள். அது விட்ட நாள் அல்ல, விடுமுறை. 10 முதல் 26 வரை 1,250 வீதம் 21,250. மொத்தம் 28,450 ஆகிவிடும். கடைசி நாலு நாளுக்கு மிச்சம் 1,550 மட்டும். அந்த நாட்களில் புதுக் காட்சி எதையும் திறக்காமல், 'இங்கே அண்ணியோடு சண்டை வரணும்' என்று அடைப்புக்குறிக்குள் விட்டுவிட்டுப் போன இடங்களை மட்டும் நிரப்புங்கள். கல்யாணப் பத்திரிகை வந்திருந்தால் அதையும் இப்போதே எக்செல்லில் ஏற்றிவிடுங்கள்.